கைமடி அக்காவின் கண்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. நம் கம்பெனியில், கடையில், ஆபீசில் கூட்டிப் பெருக்குகிற, மூட்டை தூக்குகிற, டீ போடுகிற ஆளிடம் ஏதோ ஒரு திறமை கண்ணில் படுகிறது, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். சரி, ஊர் மட்டும்.

கேள்வி: நான் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். எங்களிடம் கைமடி வேலைக்கு, அதாவது டெய்லருக்குத் துணையாகப் பீஸை மடித்து அடுக்க, ஒரு அக்கா வருகிறார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், ஐந்தாவது வரைதான் படிப்பு. போன மாதம் ஒரு நேவி புளூ ஆர்டரில் தனித்தனியாகச் சாயம் போட்ட இரண்டு லாட் துணி கலந்துவிட்டது, செக்கிங்கில் யாரும் கவனிக்கவில்லை. இந்த அக்காதான் பீஸை எடுத்து அடுக்கும்போது, “ஏனுங்க சார், கையும் உடம்பும் வேற வேற துணியாட்ட இருக்குதுங்களே” என்றார். வெளியே எடுத்துப்போய்ப் பார்த்தால் உண்மை. கிட்டத்தட்ட முந்நூறு பீஸ் தப்பித்தது. ஓனர் சந்தோஷப்பட்டு சனிக்கிழமை ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், அதோடு சரி. இவரைச் செக்கிங்குக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டால், “படிப்பு இல்லையேப்பா” என்கிறார். என்ன செய்யலாம்? (அவிநாசி)

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது அந்த அக்காவின் கண் இல்லை, வாய். கைமடி போடுகிற ஒருவர், டெய்லரையும் லைன் சூப்பர்வைசரையும் தாண்டி, புரொடக்‌ஷன் பார்க்கிறவரிடம் நேராக வந்து இது தப்பு என்று சொல்வது நம் ஊர்க் கம்பெனிகளில் சாதாரண விஷயம் இல்லை. இதற்கு முன்னால் எத்தனை தடவை இப்படிக் கண்ணில் பட்டது, யாரிடம் சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று தடவை சொல்லியிருப்பார், “உன் வேலையைப் பாரு” என்ற பதில் வந்திருக்கும். கம்பெனிக்கு அதனால் போன காசு எவ்வளவு என்று அப்போது உங்களுக்கே ஒரு கணக்கு கிடைக்கும், அந்தக் கணக்கை ஓனரிடம் கொண்டு போங்கள்.

அடுத்தது கண். ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே மெஷின் என்றாலும் இரண்டு லாட் அப்படியே ஒன்றுபோல வருவதில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணி வெயிலில் வேறாகத் தெரியும். அதற்காகத்தான் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று தனித்தனி விளக்கு வைத்திருக்கிறார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த அக்கா உட்காரும் இடம் ஜன்னல் ஓரமா என்று முதலில் பாருங்கள். ஜன்னல் ஓரம் என்றால் உங்கள் செக்கிங் டேபிளை அங்கே மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். நடு ஹாலில் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்றால் அந்தக் கண் நிஜமாகவே பெரிய விஷயம்.

அதைச் சோதிக்க எழுதப் படிக்கத் தெரியவேண்டிய அவசியமே இல்லை, ஓனரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் திறனைச் சோதிக்க பார்ன்ஸ்வொர்த் மன்செல் என்று ஒரு சோதனை உலகம் முழுக்க சாயத் தொழிலில் இருக்கிறது. மொத்தம் 85 சின்ன மூடிகள், ஒவ்வொன்றும் பக்கத்து நிறத்திலிருந்து துளி மாறியிருக்கும், வரிசையாக அடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு எழுத்து கிடையாது. அந்தப் பெட்டி விலை அதிகம் என்றால், உங்கள் ஸ்டோரில் இருக்கும் பழைய லாட்களிலிருந்து நேவி புளூவில் மட்டும் பத்துத் துண்டு வெட்டி, பின்னால் நம்பர் போட்டு, வெளிர் நிறத்திலிருந்து அடர்த்தி வரை அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வேறு வேறு நாட்களில் செய்யுங்கள். மூன்று நாளும் ஒரே வரிசை வந்தால் அது குருட்டாம்போக்கு இல்லை. இதே சோதனையை உங்கள் செக்கிங் ஆட்களுக்கும் வையுங்கள். சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாத குறை ஆண்களிடம்தான் அதிகம், அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, பலருக்குத் தனக்கு அப்படி இருப்பதே தெரியாது. டிப்ளமோ படித்தவருக்கும் இருக்கலாம்.

இப்போது நான் ரொம்ப அக்கறையோடு சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். காசு.

திருப்பூர் சம்பள ஒப்பந்தத்தில் கட்டிங், டெய்லர், செக்கிங், கைமடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூலி இருப்பது ஓனருக்கு நன்றாகவே தெரியும். ஆகவே “கைமடியும் போடு, அப்பப்ப ஷேடும் பார்த்துச் சொல்லு” என்று ஒரு ஏற்பாடு வந்தால் நீங்கள் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது திறமையை வளர்ப்பது இல்லை, ஒரு ஆள் கூலியில் இரண்டு வேலை வாங்குவது. அவர் ஷேடு பார்க்கும் நாளிலிருந்து அந்த வேலைக்குரிய பெயர், அந்த வேலைக்குரிய கூலி. சோதனைக்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

கூலி ஏறினால் மட்டும் போதாது, கையில் வரும் பணம் ஏறுகிறதா என்று பாருங்கள். இதை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டேன். தொண்ணூறுகளில் கோவையில் ஒரு நூல் மில்லில் நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். கழிவுப் பஞ்சு அள்ளி மூட்டை கட்டுகிற ஒரு தம்பி, மனக்கணக்கில் அபாரம், எத்தனை மூட்டை, எந்த டிபார்ட்மெண்டிலிருந்து எத்தனை கிலோ என்று பேப்பர் இல்லாமல் சொல்வான். ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற நினைப்பில் மேலே பேசி அவனை டைம் ஆபீசில் உட்கார வைத்தேன். நாற்காலி, மின்விசிறி, மாதச் சம்பளம். இரண்டாவது மாதச் சம்பளத்தன்று வந்து, “அண்ணா, நான் மறுபடியும் பஞ்சுக்கே போறனுங்க” என்றான். விசாரித்தால், ஓவர்டைம் நின்றுபோனதில் மொத்தப் பணம் குறைந்துவிட்டது, வாரா வாரம் வந்த காசு மாதம் ஒரு தடவை என்றானதில் வீட்டில் கடன் ஏறிவிட்டது, நைட் ஷிப்டில் இருந்தபோது பகலில் இரண்டு எருமை பார்த்துக்கொண்டிருந்தான், பகல் வேலை வந்ததும் அதையும் விற்றுவிட்டான். இதில் ஒன்றைக்கூட நான் அவனிடம் கேட்கவில்லை. பஞ்சு வேலைக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது, அவன் மில்லை விட்டே போய்விட்டான். முப்பது வருடம் கழித்தும் எனக்கு அது உறுத்துகிறது.

பனியன் கம்பெனியிலும் கதை அதேதான். ஒன்றரை ஷிப்டு பார்க்கும் ஹெல்பர் சனிக்கிழமை வாங்கும் பணத்தையும், ஸ்டாஃப் ஆக்கிவிட்டால் மாதம் வரும் பணத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டாவது குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அக்காவிடம் பேசுங்கள். பேசும்போது கம்பெனி வேன் நேரம், வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், இதெல்லாம் ஒத்துவருமா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் கைமடிக்கே திரும்பி வரலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, செக்கிங்கில் ஏற்கனவே இருப்பவர்கள் முகம் சுருங்கும். நேற்று வரை பீஸ் அடுக்கினவர் இன்றைக்கு எங்களுக்குச் சொல்லித் தருகிறாரா என்று பேச்சு வரும். அதை அந்த அக்காவே சமாளிக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஹாலில் எல்லோர் முன்னாலும் நீங்கள் நின்று, இவருக்கு ஷேடு பார்க்கும் வேலை, இவர் நிறுத்து என்றால் அந்த லாட் நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். ரிப்போர்ட் எழுதத் தெரியாதே என்பார்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் போடத் தெரிந்தால் போதும், எழுதுகிற வேலையை எழுதத் தெரிந்தவர் செய்யட்டும்.

கேள்வி: நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். வயது 34, எட்டாவது பாஸ். அம்மா ஊர் பாலக்காடு என்பதால் மலையாளம் நன்றாகப் பேசுவேன். எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கேரளாவிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை நர்சுகள் என்னைத்தான் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். ஆனால் அதற்குள் என் பாத்ரூம் வேலை நின்றுவிட்டது என்று எங்கள் சூப்பர்வைசர் திட்டுகிறார். வெளியூர் நோயாளிகளிடம் பேசி உதவும் டெஸ்கில் நானும் உட்கார முடியாதா? யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. (கோயம்புத்தூர்)

பதில்: முடியும் அம்மிணி. நீங்கள் அந்த வேலையை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறீர்கள், அதற்குப் பெயர் இல்லை, அவ்வளவுதான். பெயர் இல்லாத வேலைக்குச் சம்பளமும் கிடைக்காது, திட்டு மட்டும் கிடைக்கும்.

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, வார்டு, யார் கூப்பிட்டார்கள், எத்தனை நிமிடம் ஆனது, இவ்வளவுதான் எழுத வேண்டும். நோயாளி பெயரோ நோயோ எழுதவே கூடாது. நான்கு வாரம் எழுதினால் எண்பது, நூறு வரிகள் சேர்ந்துவிடும். “நானும் மலையாளம் பேசுவேன்” என்று சொல்வதைவிட அந்த நோட்டு ஆயிரம் மடங்கு பேசும்.

யாரிடம் கேட்பது என்பதுதான் இதில் சூட்சுமம். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் காண்ட்ராக்டில் வருகிறவர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காண்ட்ராக்டர் பெயர் இருந்தால், உங்கள் சூப்பர்வைசர் மனது வைத்தாலும் உங்களை டெஸ்கில் உட்கார வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது, ஆஸ்பத்திரிதான் உங்களை நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும். அதனால் உங்களை அடிக்கடி கூப்பிடும் நர்சுகளில் மூத்தவர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக நர்சிங் சூப்பரின்டெண்டெண்டைப் பார்த்து நோட்டைக் காட்டுங்கள். தேவை அவர்களுக்குத்தான் இருக்கிறது, அவர்கள் கேட்டால் நடக்கும். முதலாளி மாறினாலும் உங்கள் பிஎஃப் யுஏஎன் நம்பர் மாறாது, பழைய பணம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. மாத்திரை அளவு, ஆபரேஷனுக்குக் கையெழுத்து, இப்படிப்பட்ட விஷயங்களில் நர்சோ டாக்டரோ பக்கத்தில் நிற்காமல் நீங்கள் தனியாக மொழிபெயர்க்காதீர்கள். தப்பாகப் போனால் அந்தக் குடும்பத்துக்குத்தான் ஆபத்து, பழியும் உங்கள் மேல்தான் விழும். “சிஸ்டர், நீங்க கூட இருந்தா சொல்றனுங்க” என்று சொல்லிப் பழகிவிடுங்கள், மரியாதை கூடும்.

அப்புறம், பத்தாவது. எட்டாவது பாஸ் இருப்பதால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத முடியும். அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சி உண்டு, அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பலர் இதை விட்டுவிட்டு ஒரு வருடத்தை இழக்கிறார்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இந்த மாதமே விசாரித்து வையுங்கள். டெஸ்க் வேலைக்குப் பத்தாவது இல்லாமலே எடுத்தாலும், அடுத்த படிக்கு அது தேவைப்படும்.

கேள்வி: கணபதியில் சின்னதாக, எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பர்கூர் மலையிலிருந்து வந்த ஒரு பையன் இரண்டு வருடமாகக் கடையைக் கூட்டவும் மோட்டாரைத் தூக்கவும் இருக்கிறான், பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் போய்விட்டது. போன வாரம் பார்த்தால், இரண்டு வருடமாக எரிந்த மோட்டார் பிரிக்கும்போதெல்லாம் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தக் கம்பெனி மோட்டார், எத்தனை எச்பி என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒரு கட்டு சேர்த்து வைத்திருக்கிறான். யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாகவும் இருக்கிறது, ஏன் என்று கேட்கக் கூச்சமாகவும் இருக்கிறது. இவனை வளர்க்க என்ன வழி? (கோயம்புத்தூர்)

பதில்: கூச்சப்படாமல் கேளுங்கள் ஐயா. “எதுக்குத் தம்பி எழுதறே?” என்று ஒரு கேள்வி. அவன் பதிலில் அவனுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நம் ஊரில் ஆயிரம் அடி தாண்டிய போர்வெல்கள் இருக்கின்றன, சப்மெர்சிபிள் மோட்டார் எரிவது கோடைக்கு கோடை நடக்கும் விஷயம். எரிந்து கருகி வரும் மோட்டாரில் பழைய சுற்றை எண்ணி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்தக் காலண்டர் கட்டு உங்கள் கடையின் சொத்து, ஆனால் அது அவன் சேர்த்தது. நல்ல கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, வேலை நேரத்திலேயே, கூலியோடு, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் அவன் பெயர் இருக்கட்டும்.

நம் கோவையில் இதைச் சொல்லும்போது ஜி.டி.நாயுடு நினைவுக்கு வராமல் இருக்காது. 1893-ல் கலங்கலில் பிறந்தவர், பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம்தான். ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்பதற்காகக் கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார், வாங்கியதும் பிரித்துப் போட்டுப் படித்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டினார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இங்கேயே மின்மோட்டார் செய்தார். உங்கள் கடைக்கு வரும் மோட்டார்களின் வம்சமே அங்கே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஓட்டலில் அவர் கையால் காபி வாங்கிக் குடித்தவர்கள் பார்த்தது ஒரு சர்வரைத்தான். உங்கள் பையன் நாளைக்கே ஜி.டி.நாயுடு ஆகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அந்தப் பாரத்தை அவன் தலையில் ஏற்றவும் வேண்டாம். நல்ல ரீவைண்டர் ஒருவர் உருவானால் அதுவே பெரிது.

வழி என்று கேட்டால், காயலாங்கடைக்குப் போகவேண்டிய ஸ்டேட்டர் (மோட்டாரில் கம்பி சுற்றும் சுழலாத பகுதி) ஒன்றை அவனிடம் கொடுங்கள். பேப்பர் வைப்பது, காயில் போடுவது, கட்டுவது, வார்னிஷ், மெகர் வைத்துக் கரண்ட் கசிகிறதா என்று சோதிப்பது வரை அவனே செய்யட்டும், கெட்டுப்போனால் போகட்டும், மறுபடி பிரிக்கட்டும். மூன்று நான்கு மோட்டார் தாண்டியதும் நிஜ வேலையில் அரை எச்பியிலிருந்து தொடங்கலாம், அன்றிலிருந்து கூலியையும் ஏற்றுங்கள். பத்தாவதில் போன இரண்டு பாடங்களை மட்டும் துணைத்தேர்வில் எழுதினால் போதும், பரீட்சைக்கு முன்னால் பதினைந்து நாள் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். அதற்குப் பிறகு ஐடிஐ போக ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். வயரிங் வேலைக்கு அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து வருட வயரிங் அனுபவமும் கேட்பார்கள். ரீவைண்டிங் அனுபவத்தை அதில் எடுத்துக்கொள்வார்களா என்று ஐடிஐ-யில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் எழுதுவதெல்லாம் சரி. சொல்லிக்கொடுத்து ஆளாக்கினால் கிலோவுக்கு, பீஸுக்கு நாலணா அதிகம் என்று பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கே மூன்று பேர் போய்விட்டார்கள். எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்? (ஈரோடு)

பதில்: போவார்கள், சிலர் கட்டாயம் போவார்கள். அந்த வலி நியாயமானது. ஆனால் அந்த மூன்று பேர் போன நாளில் அவர்கள் உங்களிடம் வாங்கிய சம்பளம், கற்றுக்கொள்வதற்கு முன்னால் வாங்கிய அதே சம்பளமா என்று பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு இடத்தில் அப்படித்தான் இருக்கும். ஹெல்பராக வந்தவர் எவ்வளவு தேறினாலும் வந்த இடத்தில் ஹெல்பராகவே தெரிவார், பக்கத்துக் கம்பெனியில்தான் அவரை டெய்லர் என்று கூப்பிடுவார்கள். அதற்காகவே போகிறவர்கள் உண்டு. சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது, சம்பள பாக்கி வைப்பது என்று சிலர் வழி சொல்வார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள், தப்பு. போனவர்களில் ஒருவரையாவது ஆடி நோம்பிக்கு ஊர்ப்பக்கம் பார்த்தால், “ஏம்ப்பா போனே?” என்று கோபமில்லாமல் கேட்டுப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் தேங்காய் மண்டி ஆபீசில் டீ போடும் பெரியவர் ஒருவர் 58 வயது, முப்பது வருடமாக இருக்கிறார். எந்தத் தோட்டத்துக்காரர் எந்த வருடம் என்ன விலைக்குப் போட்டார், யார் சொன்ன தேதிக்குப் பணம் தருவார், எந்தப் பழைய பில் எந்த அலமாரியில், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளுங்கள் அப்பா, ஆபீஸ் வேலைக்கு வாருங்கள் என்றால் வேண்டவே வேண்டாம் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (பொள்ளாச்சி)

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். அவர் வேண்டாம் என்பது ஒரு பதில், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் தலைக்குள் இருப்பதை நீங்கள் தினமும் இலவசமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள், அதற்காகச் சம்பளம் ஏற வேண்டும், டீ போடுகிறவர் என்ற கணக்கில் இல்லை. உங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் தெரிந்த இளவட்டம் யாராவது இருப்பார், அவரைத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் பெரியவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பெரியவர் சொல்லட்டும், அவர் எழுதட்டும். அந்த ஒரு மணி நேரம் டீயை வேறு யாராவது போடட்டும், பெரியவருக்கும் சேர்த்து ஒரு டம்ளர்.